மேஸ்திரி பதில்கள்: டியூப் இருக்க லேசர் எதற்கு?

"கான்கிரீட் வேலையில் தனியாக வாங்குகிற கருவியைவிடக் கையில் கிடக்கிற சாமான் சில நேரம் நன்றாக உழைக்கும்" என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த முறை வந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சிலர் தலையாட்டியிருக்கிறார்கள், சிலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கே: ஆசையாக லேசர் லெவல் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் மேஸ்திரி அதைத் தொடாமல், டியூபில் தண்ணீர் ஊற்றித்தான் மட்டம் பார்க்கிறார். இது பழக்கதோஷம்தானே? (வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர்)

பழக்கம் சரி. தோஷம் இல்லை. உங்கள் லேசரோடு வந்த தாளை எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கோட்டு லேசர் என்றால் 10 மீட்டருக்கு 3 மி.மீ. கூடலாம், குறையலாம் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். 20 மீட்டர் போனால் அது 6 மி.மீ. தூரம் ஏற ஏறத் தப்பும் ஏறும். டியூபில் அந்தக் கணக்கே கிடையாது. இரண்டு முனைக்கும் நடுவே 5 மீட்டர் இருந்தாலும் 25 மீட்டர் இருந்தாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். நடுவில் சுவர் வந்தால் லேசர் அதோடு முடிந்தது. டியூபோ வாசல் வழியாக வளைந்து அடுத்த அறைக்குப் போய்விடும். உச்சி வெயிலில் லேசர் கோட்டைத் தேடுவதற்குள் உங்கள் ஆள் நாலு தூணில் மட்டம் குறித்திருப்பார்.

ஆனால் டியூபைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்தால் உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிடும். வாளியை மேலே வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையிலிருந்து உறிஞ்சித் தண்ணீரை இறங்க விடுவதுதான் சரி. பிறகு முழு நீளத்தையும் கண்ணால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு குமிழி மாட்டியிருந்தாலும் அன்றைய மட்டம் பொய்தான். வேலை தொடங்குமுன் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நடக்கும்போது முனைகளைக் கட்டைவிரலால் அடைக்கலாம், அளக்கும்போது இரண்டுமே திறந்திருக்க வேண்டும். ஒன்றை அடைத்தபடியே கோடு போட்டுவிட்டு, "தண்ணீர் தப்புக் காட்டுது" என்று சொல்லும் பையன்கள் எல்லா சைட்டிலும் உண்டு.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. டியூபின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் தொங்கினால் மட்டம் மாறும். சூடான தண்ணீருக்கு எடை குறைவு, அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஒரு பக்கம் 20 டிகிரி, மறுபக்கம் 40 டிகிரி, தொங்கும் உயரம் 1 மீட்டர் என்றால் வித்தியாசம் சுமார் 6 மி.மீ. வந்துவிடும். சமதரையில் கிடக்கும் பகுதி சூடானால் பாதகமில்லை, செங்குத்தாக நிற்கும் இரண்டு துண்டுதான் முக்கியம். காலையிலேயே மட்டம் குறித்துவிடுங்கள்.

லேசரை வீணாக்க வேண்டாம். ஒரே அறைக்குள் நிறைய இடத்தில் மட்டம் வேண்டும், கூட ஒரு ஆளும் இல்லை என்றால் அதுதான் நல்லது. டியூபுக்கு இரண்டு ஆள் வேண்டும்.

கே: தளத்தைத் தேய்க்க நல்ல எஃகுக் கரணை வாங்கினேன். மழமழவென்று வந்தது. சில மாதத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது. சிமெண்ட் மட்டமோ?

சிமெண்டைத் திட்டாதீர்கள். எஃகுக் கரணை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, நீங்கள் அதைச் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டீர்கள். கான்கிரீட் போட்ட பிறகு ஜல்லியும் மணலும் கீழே அமர, தண்ணீர் கொஞ்சம் மேலே கசிந்து வரும். அது வந்து முடிவதற்குள் எஃகால் இழுத்தால் மேல்பரப்பு மூடிக்கொள்ளும். பின்னால் வருகிற தண்ணீரும் காற்றும் அந்தத் தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும். அந்த இடத்தில்தான் கொப்புளமும் உரிசலும் வருகிறது.

முதல் தேய்ப்புக்கு மரத்தில் செய்த மணியாசுக்கட்டை போதும். ஒரு துண்டுப் பலகையில் கைப்பிடி அடித்தது, அவ்வளவுதான். சொரசொரப்பான மரம் மேல்பரப்பை மூடாமல் திறந்து வைக்கும், தண்ணீருக்கு வழி விடும். கட்டையை முதலில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கட்டை மேல்சாந்தின் ஈரத்தை உறிஞ்சிப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரே விதிவிலக்கு, குளிரில் உறையும் இடங்களுக்காக நுண்குமிழி சேர்த்துக் கலக்கும் கான்கிரீட். அதில் மரம் இழுத்துக் கிழிக்கும், மக்னீசியக் கட்டைதான் சரி.

மேலே தண்ணீர் நிற்கிறதே என்று காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் மறையும், உரிசல் நிச்சயம்.

கே: எவ்வளவு நேரம் கழித்துத் தேய்க்கலாம் என்று ஒரு மணிக்கணக்குச் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். வெயில், காற்று, கலவை எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கை நாளுக்கு நாள் மாற்றும். கடிகாரத்தைப் பார்க்காமல் காலில் இருக்கும் பூட்ஸைப் பாருங்கள். மேலே மினுமினுப்பு போன பிறகு ஓரத்தில் ஏறி நில்லுங்கள். தடம் 6 மி.மீ. அளவுக்குப் பதிந்தால் கட்டையால் தேய்க்கலாம். அதில் பாதிதான் பதிகிறது என்றால் எஃகுக் கரணைக்கு நேரமாகிவிட்டது.

கே: ஜன்னல் மேடைக்கும் மேசைப் பலகைக்கும் 40 மி.மீ. கனத்தில் வீட்டிலேயே வார்க்கிறேன். நீடில் வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்தும் ஓரம் முழுக்கப் பொத்தல். இன்னும் பெரிய மெஷின் வேண்டுமா?

பெரிய மெஷின் எடுத்தால் பெரிய பொத்தல் கிடைக்கும். நீடில் என்பது கான்கிரீட்டுக்குள் முழுகி நின்று நடுங்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டிய சாமான். 40 மி.மீ. கனத்தில் அது எங்கே முழுகும்? படுக்கப் போட்டு இழுத்திருப்பீர்கள், அது கம்பியில் இடித்து, போன வழியெல்லாம் பள்ளம் பறித்து, ஜல்லியை ஒதுக்கியிருக்கும்.

மரவேலைக்காரர்கள் உப்புத்தாள் ஓட்டுவார்களே, அந்தக் கை சாண்டர் மெஷின் ஒன்று கிடைத்தால் போதும். தாளைக் கழற்றிவிட்டு அதன் அடிப்பாகத்தை அச்சின் பக்கப்பலகையில் அழுத்திப் பிடியுங்கள். சின்ன சாண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் நடுங்கும், வீச்சு மட்டும் மிகச் சின்னது. மெல்லிய வார்ப்பில் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிக் குமிழியை எழுப்ப அப்படிப்பட்ட நடுக்கம்தான் வேண்டும். அதே இடத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பலகைதான் விலகும்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். அச்சில் பாதி உயரத்துக்கு மட்டும் கலவையைப் போடுங்கள். மூலையிலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு இடமாகச் சுற்றி வாருங்கள். முதலில் குமிழி கொத்துக் கொத்தாக வரும், பிறகு ஒன்றிரண்டாகும், பிறகு மேல்பரப்பு ஒரு மாதிரி பளபளவென்று படுத்துவிடும். அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடம். பளபளப்பு வந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் ஜல்லி அடிக்குப் போய் மேலே வெறும் சிமெண்ட் பால்தான் நிற்கும். ஒரு சுற்று முடிந்ததும் மீதியை நிரப்பி இன்னொரு சுற்று. அச்சைத் தரையோடு இறுக்கி வைக்காமல் அடியில் இரண்டு ரப்பர் துண்டு கொடுத்தால் நடுக்கம் தரைக்குப் போகாமல் கலவைக்கே போகும். ஈரக்கையோடு வயர் மெஷினைப் பிடிக்க வேண்டாம், பேட்டரி சாண்டர் நல்லது.

கே: கட்டுமானத்துறை மாணவன் நான். கையில் கிடக்கிற சாமானே போதும் என்று சொல்லிக்கொண்டே போனால் நாளைக்குத் தூணையும் கம்பியால் குத்தியே நிரப்பலாம் என்பார்கள். கருவிகளைக் கேலி செய்யாதீர்கள் ஐயா.

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. தூணில் நீடிலுக்கு மாற்று இல்லை. பக்கத்தில் தட்டுகிற தட்டு உள்ளே கம்பிக் கூட்டுக்கு நடுவில் போய்ச் சேராது. கம்பியால் குத்தி நிரப்ப வேண்டுமென்றால் கலவை தண்ணியாக இருக்க வேண்டும், தண்ணியானால் பலம் போச்சு. குத்தி முடித்தும் உள்ளே 5 சதவீதம் காற்று நின்றுவிட்டால் பலம் 30 சதவீதம் வரை குறையும். சென்ட்ரிங் (வார்ப்புப் பலகை) பிரித்த பிறகு தேன்கூடு மாதிரி நிற்கும் தூணுக்கு மேல்பூச்சு பூசி மறைப்பதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் தொழிலில் கிடையாது.

நீடிலையும் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். சர்ரென்று இறக்கி, மெதுவாக, நொடிக்கு ஏழெட்டு செ.மீ.க்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். முந்தைய அடுக்குக்குள் ஒரு 15 செ.மீ. இறங்கினால்தான் இரண்டு அடுக்கும் ஒன்றாகும். பல சைட்டில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெதுவாக இறக்கினால் மேல்பாகம் முதலில் இறுகி, கீழே இருக்கும் காற்றுக்கு வழி அடைபடும்.

கே: மணல் ஈரம் பார்க்க மின்னணு ஈரமானி வாங்கலாமா?

கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கிறதா? நேராக நிற்கும் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். சின்ன வேலைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

நீங்கள் பெட்டியில் அளந்து போடுபவர் என்றால் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஈரம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அந்த ஈரத்தால் மணல் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதுதான். ஈரமணலில் ஒவ்வொரு துகளையும் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஒன்றையொன்று விலக்கி வைக்கும். பெட்டி நிறைந்த மாதிரி தெரியும், உள்ளே மணல் குறைவு. ஜாடியில் ஈரமணலை அழுத்தாமல் போட்டு உயரம் பாருங்கள், 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு மணல் முழுகத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கி அமர விடுங்கள். 12 செ.மீ.க்கு இறங்கினால் 3 செ.மீ. உப்பல், அதாவது 12க்கு 25 சதவீதம். ஒரு பெட்டி மணல் என்று கணக்கு இருந்தால் அன்றைக்கு ஒன்றே கால் பெட்டி போட வேண்டும். முழுக்க நனைந்த மணல் உப்பாது, முழுக்கக் காய்ந்ததும் உப்பாது. நடுவில் இருப்பதுதான் ஏமாற்றும்.

தண்ணீருக்கு வாளி. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குத் தண்ணீர் விகிதம் 0.5, அதாவது சிமெண்ட் எடையில் பாதி என்றால் 25 லிட்டர். ஆனால் கலவையில் போகும் 100 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் அதிலேயே 5 லிட்டர் வந்துவிட்டது. அதைக் கழிக்காமல் 25 ஊற்றுகிறவர்தான் "கலவை ஏன் ஓடுது" என்று கேட்பார். வாளியின் உள்பக்கம் பெயிண்டில் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றுவதை யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். தண்ணீர் விகிதம் ஏறினால் பலம் இறங்கும் என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க கான்கிரீட் ஆராய்ச்சியாளர் 1918லேயே எழுதிவைத்துவிட்டார். இன்றைக்கும் சைட்டில் ஹோஸ் பைப் தாராளமாகத்தான் ஓடுகிறது.

வாளி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஒட்டிக் காய்ந்த சாந்து, பக்கத்தை ஒரு நெளி நெளித்தால் தகடாகக் கழன்று விழும். இரும்புச் சட்டியில் அதைக் கொத்தி எடுக்க வேண்டும்.

கே: கலவை இயந்திரத்தின் உள்ளே சுத்தம் செய்ய எந்த திரவம் நல்லது?

இரண்டு சட்டி ஜல்லி, கொஞ்சம் தண்ணீர், பத்து நிமிடச் சுற்று. இதை வேலை முடிந்த உடனே செய்ய வேண்டும், மறுநாள் இல்லை.

கே: கலவை சீக்கிரம் இறுகாமல் இருக்கச் சர்க்கரை போடலாம் என்கிறார்கள். உண்மையா, கதையா?

உண்மை, அதனால்தான் பயம். சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது சுமார் நாலு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 25 கிராம். 0.2 சதவீதத்துக்கு மேல் போனால் இறுகவே இறுகாமல் கிடக்கும், அது மூட்டைக்கு வெறும் 100 கிராம். இறுகுவது தாமதமாவதற்கும் கெட்டுப்போவதற்கும் நடுவே ஒரு கைப்பிடிதான் தூரம். கையால் அள்ளிப் போடுகிற சைட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். தளம், தூண், பீம் என்றால் இறுகுவதைத் தாமதப்படுத்த அளவு எழுதி விற்கும் ரிடார்டர்தான்.

சர்க்கரைக்கு இரண்டு இடம் உண்டு. மெஷின் பாதிச் சுற்றில் பழுதாகி உள்ளே கலவை நிறைய நிற்கிறது என்றால் சர்க்கரையை நிறையக் கொட்டுங்கள். கலவை வீண்தான், மெஷின் பிழைக்கும். இன்னொன்று, நடைபாதையில் ஜல்லி வெளியே தெரியும்படி அழகு செய்வது. கான்கிரீட் போட்டுத் தேய்த்ததும் கெட்டியான சர்க்கரைத் தண்ணீரை மேலே ஒரே சீராகத் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். அடிப்பாகம் இறுகும், மேல்தோல் இறுகாது. மறுநாள் பிரஷ் போட்டுத் தண்ணீர் விட்டால் ஜல்லி முகம் காட்டும். புது ஜல்லியில் ஒரு சின்னத் துண்டு வார்த்துப் பார்த்துவிட்டுப் பெரியதில் இறங்குங்கள்.

கே: நீராற்ற (இறுகும் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க) ஈரச் சாக்கு நல்லதா, மேலே அடிக்கும் கெமிக்கல் நல்லதா?

யாராவது ஒருவர் தினமும் நனைக்கத் தயார் என்றால் சாக்கு. கெமிக்கல் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும், புதிதாக ஈரம் கொடுக்காது. சாக்கு இரண்டையும் செய்யும். அதன் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரத்தில் கல் வைத்துவிட்டால் நனைக்கும் வேலையும் குறையும். குறைந்தது ஏழு நாள். காலையில் நனைத்து மத்தியானம் காய விடுவது, மறுபடி நனைப்பது என்று செய்யாதீர்கள், வெடிப்பு வரும்.

சாக்கை முதலில் அலசுங்கள். சர்க்கரை வந்த சாக்கு, உரம் வந்த சாக்கு இரண்டும் கூடவே கூடாது. ஏன் என்று மேலே உள்ள பதிலைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கே: கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் தீர்ந்துவிட்டால் செங்கல் துண்டு வைக்கலாமா?

கூடாது. செங்கல் தண்ணீரை உறிஞ்சிக் கொண்டுபோய்க் கம்பியிடம் கொடுக்கும். ஐஸ் டிரே இருந்தால் அதில் கான்கிரீட்டின் பலத்துக்குக் குறையாத சாந்தை நிரப்பி, நடுவில் கட்டுக்கம்பி ஒன்றை மடக்கிச் செருகிவிடுங்கள். மறுநாள் தட்டி எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டால் சொந்த பிளாக். குழியின் ஆழம் வரைபடத்தில் உள்ள கவர் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

கே: சென்ட்ரிங் பலகைக்குப் பழைய இன்ஜின் ஆயில்?

கறை பிடிக்கும், பின்னால் பூச்சு ஒட்டாது, உங்கள் கைத்தோலுக்கும் ஆகாது. ஏதாவது தாவர எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய வேண்டாம், கம்பியில் படவே வேண்டாம்.

கே: பழைய மாடித் தளம் சில இடத்தில் பொத்தென்று இருப்பது போல் சந்தேகம். ஸ்கேன் செய்ய ஆள் கூப்பிடுவதா?

கூப்பிடுவதற்கு முன் நல்ல கனமான இரும்புச் சங்கிலி ஒன்றைத் தேடுங்கள். ஒரு கழியில் கட்டித் தொங்கவிட்டு, நுனி தரையில் புரளும்படி மெதுவாக இழுத்துக்கொண்டு நடங்கள். நல்ல கான்கிரீட்டில் கணீரென்று ஒரே ஓசை வரும். மேல்தகடு பிரிந்திருந்தால் திடீரென்று மந்தமாக, உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி ஒலிக்கும். முதல் தடவை கேட்பவருக்கும் வித்தியாசம் புரியும். ஓசை மாறிய இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. எதிர்த்திசையில் இழுத்து இன்னொரு புள்ளி. நாலு பக்கமும் வந்து புள்ளிகளைச் சேர்த்தால் சேதத்தின் எல்லை தரையிலேயே வரைந்து கிடக்கும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாலத் தளங்களை இப்படிச் சங்கிலி இழுத்துச் சோதிப்பதற்கு சோதனை முறைகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு டி 4580 என்று ஒரு நடைமுறையே எழுதிவைத்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் உள்ளே கம்பி துருப்பிடிப்பது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும், இடம் இல்லாததால் மேலே உள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். ரேடார் மெஷின் கம்பி எங்கே இருக்கிறது என்று அழகாகக் காட்டும், ஆனால் அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மேல்தகடு பிரிந்திருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குச் சங்கிலி அன்றைக்கே பதில் சொல்லிவிடும்.

அதற்கும் எல்லை உண்டு. மேலே தார் போட்டிருந்தால் ஓசை அமுங்கிப்போகும். ஆழத்தில் இருக்கும் பிளவு கேட்காது. பக்கத்தில் மெஷின் ஓடினாலும் காது ஏமாறும். கூரையின் அடிப்பக்கத்துக்குச் சங்கிலி இழுக்க முடியாது, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. டைல்ஸுக்கு ஒரு நாணயம் போதும். பொத்தென்று ஒலிக்கும் இடம் பெரிதாக இருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ, என் பதிலை மடித்து வைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கே: கையுறைக்குப் பதில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.ஹெச். அளவில் 12க்கு மேல். பைக்குள் ஒரு சொட்டு இறங்கினால் அங்கேயே நின்று தோலைத் தின்னும், அப்போது வலிக்கவும் வலிக்காது. சாயங்காலம்தான் தெரியும். ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். இதில் சிக்கனம் கூடாது.

கே: தூக்குக்குண்டு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. பித்தளையில் கனமாக வாங்கட்டுமா?

இருக்கிற குண்டே போதும். ஒரு வாளித் தண்ணீரை அடியில் வைத்து குண்டை அதில் முங்க விடுங்கள், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். காற்று பலமாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். குண்டு வாளியின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் இருக்க வேண்டும். நூலைச் சுவரிலிருந்து அளக்கும்போது மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, இரண்டையும் ஒரே ஆள் ஒரே டேப்பில் எடுக்கட்டும்.